பதினோரு நிமிடப் பேருந்து

விமான நிலையத்தின் முதல் டெர்மினலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஓடும் ஷட்டில் பஸ்ஸின் வரலாற்றை எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். இந்த மாத முடிவோடு பஸ் ஓட்டம் நிற்கிறது. ஓட்டுநரே இல்லாத குட்டி ரயில் வரப்போகிறது. அதன் நிலையத்துச் சுவரில் ஒரு பலகை வைப்பார்களாம். ஆரம்பத்திலிருந்து ஓட்டியவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம் என்பதால் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இருபத்திரண்டு வருடத்துக்கு இரண்டு பக்கம், தாராள மனசுதான்.

முதலில் ஒரே ஒரு வேன். பன்னிரண்டு இருக்கைகள். ஒரு விமானத்தில் வந்து இறங்கி இன்னொன்றைப் பிடிக்கப் போகிறவர்கள் மட்டும்தான் ஏறுவார்கள். வெளியாட்களுக்கு அந்தப் பக்கம் அனுமதி கிடையாது. பதினோரு நிமிட ஓட்டம். என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள். ஒரு பெரியவர் தன் மருமகனைப் பற்றிய புகாரைப் பாதியில் விட மனமில்லாமல், டெர்மினல் வந்த பிறகும் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாம் வருடம் பெரிய பஸ்கள் வந்தன. ஒன்பதாம் வருடம் ஓட்டுநருக்கும் பயணிகளுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். எங்கேயோ எவனோ ஒரு ஓட்டுநர் மேல் காபியைக் கொட்டிவிட்டானாம். அதற்கு எனக்குக் கண்ணாடிக் கூண்டு, பின்னால் பேசுவது எதுவும் உள்ளே கேட்காது. நிறுத்தத்தின் பெயரை அறிவிக்கும் வேலையாவது என்னிடம் இருந்தது. பதின்மூன்றாம் வருடம் அதையும் பிடுங்கி ஒரு பெண்ணின் பதிவுக் குரலுக்குக் கொடுத்தார்கள். யாராவது கண்ணாடியைத் தட்டினால், எந்த டெர்மினல் என்று கேட்கத்தான் தட்டுவார்கள். பச்சைப் பட்டனை அழுத்தினால் அவள் சொல்லிவிடுவாள். நான் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை என் வாயிலிருந்து ஒரு சொல்கூட வராத நாட்கள் உண்டு. வீட்டிலும் அதே கதைதான்.

பலகைக்கு இது போதும். இனி எழுதுவது பலகைக்கு இல்லை.

பதினைந்தாம் வருடம் என் மனைவி இறந்தாள். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள். அன்று ஒரு ஓட்டுநர் வரவில்லை. இரண்டு ட்ரிப் மட்டும் அடித்துவிட்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இரண்டு, நான்காகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து மகள் வந்தாள். இருந்த நாள் வரை எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ஊர் உலகத்தையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போனீங்க. அம்மாவ மட்டும் ஏத்தல."

அதற்குப் பிறகு ஏழு வருடம் வரவே இல்லை. போன மாதம் திடீரென்று ஒரு செய்தி அனுப்பினாள். வேறு நாட்டுக்கு வேலை மாறிப் போகிறாளாம். இங்கே இறங்கி விமானம் மாற வேண்டும், இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. வீட்டுக்கு வர மாட்டாள். பஸ்ஸில் வேண்டுமானால் பார்க்கலாம் என்றாள். எனக்கு அதுவே பெரிது. லீவு போட்டால் அந்தப் பக்கம் விட மாட்டார்கள், வண்டியோடு போனால்தான் உண்டு. சூப்பர்வைசரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பத்து நாற்பது ட்ரிப்பை வாங்கினேன். இரண்டாவது டெர்மினலில் வண்டி நான்கு நிமிடம் நிற்கும். அதற்குள் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். குளியலறையில் நின்று சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நான்கு நிமிடத்தைத் தாண்டியது.

என்ன பை கொண்டுவருகிறாய் என்று கேட்டு எழுதினேன். பெற்ற மகளை அடையாளம் காணப் பை எதற்கு என்று நீங்கள் சிரிக்கலாம். எங்கள் வேலையில் முகம் பார்ப்பதில்லை. கூண்டுக்குள்ளிருந்து பார்த்தால், கதவைக் காட்டும் பக்கக் கண்ணாடியில் ஆட்கள் இடுப்புக்குக் கீழேதான் தெரிவார்கள். பெட்டி உள்ளே வந்துவிட்டதா, பை வார் கதவில் மாட்டுகிறதா, அவ்வளவுதான் பார்ப்போம். கையில் பை இருந்தால் பயணி. வெறுங்கை என்றால் விமான நிலைய ஊழியர். மஞ்சள் தோள்பை என்று அவள் பதில் எழுதினாள்.

அன்று முதல் டெர்மினலில் இரண்டு விமானங்கள் சேர்ந்தாற்போல் வந்து இறங்கின. வண்டியில் கூட்டம் பிதுங்கியது. கருப்புப் பெட்டி, சாம்பல் பெட்டி, குழந்தை வண்டி, பிரம்புக் கூடை. மஞ்சளைக் காணோம். கடைசியாக ஒருத்தி வெறுங்கையோடு ஓடிவந்து ஏறினாள். துப்புரவுப் பிரிவுப் பெண்ணாக இருக்கும் என்று நினைத்தேன். இன்னும் ஒரு நிமிடம் தாமதித்துப் பார்த்தேன். ரேடியோவில் சூப்பர்வைசர் கத்தினார். கதவை மூடிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மனசு அந்த நிறுத்தத்திலேயே கிடந்தது. பாதி வழியில் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பட்டனை அழுத்தினேன். மறுபடியும் தட்டினார்கள், மறுபடியும் அழுத்தினேன். மூன்றாம் தடவை எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. ஒரு தடவை சொன்னால் புரியாதா என்று முணுமுணுத்துக்கொண்டே அழுத்தினேன்.

இரண்டாவது டெர்மினலில் எல்லாரும் இறங்கியதும் நான்கு நிமிடம்கூட நிற்கவில்லை. மகள் அங்கே தனியாக நின்றுகொண்டிருப்பாளே என்று காலி வண்டியை உடனே திருப்பினேன். முதல் டெர்மினலில் அவள் இல்லை. அடுத்த ட்ரிப்பிலும் இல்லை. அவள் விமானம் கிளம்பும் நேரம் தாண்டும் வரை மஞ்சள் பையைத் தேடிக்கொண்டே இருந்தேன். வராமலே இருந்துவிட்டாள் என்று கோபம்கூட வந்தது.

வேலை நேரத்தில் செல்போன் லாக்கரில்தான் இருக்க வேண்டும். நான்கு மணிக்கு எடுத்துப் பார்த்தேன்.

"உள்ள வைக்க எடம் இல்லன்னு என் பைய விமானத்து வாசல்லயே வாங்கி லக்கேஜோட போட்டுட்டாங்கப்பா. உங்க பஸ்லதான் வந்தேன். மூணு தடவ தட்டினேன். எறங்கி முன்பக்கம் ஓடி வர்றதுக்குள்ள வண்டிய எடுத்துட்டீங்க. புரிஞ்சுதுப்பா. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்."

உடனே கூப்பிட்டேன். அவள் வானத்தில் இருந்தாள். மறுநாள் மணி அடித்தது, எடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் மணியும் அடிக்கவில்லை. கையில் பை இல்லாததால் உன்னைத் தெரியவில்லை என்று எழுதினால் எந்த மகள் நம்புவாள்? நானே இன்னொருவர் சொல்லிக் கேட்டால் நம்ப மாட்டேன்.

அந்த வெறுங்கைக்காரியைத் தினமும் நினைவுபடுத்திப் பார்க்கிறேன். நீலக் கால்சட்டை போட்டிருந்தாள். வலது கையில் கருப்பு வார் கடிகாரம். அதற்கு மேலே என் மகள் எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.