ரோரியைக் கூப்பிடாதீர்கள்

பயத்துக்குத்தான் நாய் எடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இன்றுவரை நம்புவதில்லை. போன வருடம் பட்டப்பகலில் என் வீட்டுப் பின்கதவை உடைத்துக்கொண்டு யாரோ உள்ளே வந்து போனார்கள். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்த நேரம். போன நகையைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. என் கட்டிலில் ஒருவர் இருந்து எழும்பிய பள்ளம் இருந்தது, அதுதான் என்னைக் கொன்றது. கணவர் இறந்து ஐந்து வருடம். அதுவரை தனிமைதான் இருந்தது, அன்றிலிருந்து பயமும் சேர்ந்துகொண்டது. குளியலறைக் கதவைப் பூட்டினாலும் பயம், பூட்டாவிட்டாலும் பயம்.

குரைக்கிற மாதிரி வீட்டில் ஒன்று இருக்கட்டும் என்று, மீட்ட நாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கும் ஒரு சிறு சங்கத்திடம் ஹனோவரில் போய்க் கேட்டேன். அதை நடத்துகிற வீலாண்ட் என்ற பெண்மணி என் வீட்டுக்கு வந்து வேலியை அளந்தார், கதவுகளை இழுத்துப் பார்த்தார். எனக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில்கூட யாரும் இவ்வளவு கேள்வி கேட்கவில்லை. கடைசியில் அவர் காட்டியது ரோரியை. அயர்லாந்தில் ஒரு தெருவோரத்தில் கிடந்தவன். லர்ச்சர் சாதி என்றார். ஓட்டப்பந்தய நாயை வேறொரு நாயோடு கலந்து, முயல் பிடிக்கவென்று உண்டாக்கியதாம். நீளக் கால், நீள மூக்கு, விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

"குரைப்பானா?" என்று கேட்டேன்.

"இதுவரை நான் கேட்டதில்லை" என்றார் வீலாண்ட்.

அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவன் அறை மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பிப் பார்த்தால் ஏதாவது நடந்துவிடும் என்று நினைக்கிற நிற்பு. கள்ளன் வந்துபோன வாரம் முழுக்க நானும் அப்படித்தான் நின்றேன். கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு ஒரு பயம் என்றால் அவனுக்கு நூறு. வந்த அன்று மத்தியானம் என் சோபாவில் நாலு காலும் மேலே, கழுத்து ஒரு பக்கம் முறுகி, கண் பாதி திறந்து, நாக்கு வெளியே கிடந்தான். செத்துப்போனான் என்று வீலாண்டுக்கு அழுதுகொண்டே ஃபோன் எடுத்தேன். இந்தச் சாதி அப்படித்தான் தூங்கும் என்றார். சமையலறைக்குள் நேராக வரமாட்டான். வாசலில் திரும்பி நின்று, லொறியைப் பின்னுக்கு எடுக்கிற மாதிரி வாலை முன்னால் விட்டுத்தான் வருவான். உட்காரவே மாட்டான், ஒன்றில் நிற்பான் அல்லது படுப்பான். என் செருப்புகளில் இடது காலுக்கானதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் தன் மெத்தையில் அடுக்குவான், கடிக்கமாட்டான். அடுப்பு மேடையில் இருந்த ரொட்டியை எம்பாமல் குதிக்காமல் நின்ற வாக்கில் எடுத்தான். குக்கர் விசிலுக்குக் குளியல் தொட்டிக்குள் ஏறிவிடுவான். நான் குக்கரை அன்னப்பிள்ளை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் பருப்பைச் சட்டியில் அவிக்கப் பழகினேன்.

அன்னப்பிள்ளை அக்காவும் அவர் கணவர் இராசலிங்கம் அண்ணையும் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். ஹனோவருக்குப் பக்கத்து இந்தச் சின்ன ஊரில் தமிழ்ச் சனத்துக்கு ஒன்று என்றால் அண்ணைக்கு ஒரு ஃபோன் போதும். சாவு, கலியாணம், வீடு மாறுகிறது, எதுவென்றாலும் அரை மணித்தியாலத்தில் ஆட்கள் நிற்பார்கள். கள்ளன் வந்த அன்றும் முதலில் வந்தது பொலிஸ் அல்ல, அண்ணைதான். ரயில்வேயில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அன்றைக்கே பூட்டை மாற்றினார், அக்கா மூன்று நாள் எனக்குத் துணையாக வந்து படுத்தார்.

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. காலை பத்து மணி இருக்கும். ரோரி வந்து ஏழு வாரம். வெறும் ஊறுகாய்ப் போத்தல்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு, தெருமுனையில் பழைய கண்ணாடிப் போத்தல் போடுகிற தொட்டிக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு எப்போதும் இரண்டு வார் மாட்ட வேண்டும், ஒன்று மார்புப் பட்டிக்கு, மற்றது கழுத்துப் பட்டிக்கு. அன்றைக்கு மார்புப் பட்டிக்கு மட்டும்தான் மாட்டினேன். அது உரசி அவன் தோல் சிவந்திருந்ததால் அதையும் ஒரு துளை தளர்த்தியிருந்தேன். இரக்கப்பட்டுச் செய்தது.

முதல் போத்தல் உள்ளே விழுந்து உடைந்த சத்தத்துக்கு அவன் பின்னுக்கு இழுத்தான். இரண்டு முறை உடம்பை உதறினான். மார்புப் பட்டி வாரோடு என் கையில் தொங்கியது, அவன் தெருவைத் தாண்டிவிட்டான். ஒரு நாய் அவ்வளவு வேகமாக ஓடும் என்று நான் நினைத்ததே இல்லை. சீனி எடுக்கிற பீட்ரூட் வயலுக்குள் இறங்கி, இருநூறு மீற்றர் தள்ளி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அந்த வயலின் மறுகரையில் ரயில் பாதை. பேர்லினுக்குப் போகிற வேகரயில்கள் அதில்தான் போகும். "ரோரி! ரோரி! வா ராசா!" என்று கத்தினேன். கத்தக் கத்த அவன் ஒவ்வொரு அடியாகப் பின்னுக்குப் போனான். அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இராசலிங்கம் அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன்.

நாற்பது பேர் வந்தார்கள். பதினொரு கார். கோயில் சனம், சேர்ச் சனம், தமிழ்ப் பள்ளிக்கூடத்து வகுப்பை விட்டுவிட்டு வந்த ஆசிரியர் முருகேசு, ஒருவரும் மிச்சமில்லை. வயலின் மூன்று பக்கத்தாலும் இறங்கினார்கள். "ரோரீ! ரோரீ!" என்று நாற்பது தொண்டை. அன்னப்பிள்ளை அக்கா ஒரு பிஸ்கட் தகரத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டே போனார். முருகேசு விசில் அடித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது. இவ்வளவு சனம் இருக்க எனக்கென்ன பயம் என்றுகூட நினைத்தேன், விசர் நான்.

ரோரி ஒரு பக்கம் ஓடினான், அங்கே ஆட்கள். மறுபக்கம் ஓடினான், அங்கேயும் ஆட்கள். ஆள் இல்லாத ஒரே பக்கம் தண்டவாளம். காதை மடித்துக்கொண்டு நேராக அதை நோக்கிப் போனான். அதே நேரம் வெள்ளை ரயில் ஒன்று வந்தது. அவன் எனக்குத் தெரியவில்லை, ரயில் மட்டும் தெரிந்தது. கடைசிப் பெட்டியும் போன பிறகு பார்த்தால், தண்டவாளக் கரைக்கு இந்தப் பக்கம் பற்றைக்குள் சாம்பல் நிறமாக ஏதோ அசைந்தது. அப்படியே மண்ணில் இருந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் வீலாண்டுக்கு ஃபோன் எடுத்தேன். முதலில் எடுத்திருக்க வேண்டியது. அவன் தப்பினால் கூப்பிடக் கூடாது, துரத்தக் கூடாது, ஒருவரையும் கூட்டக் கூடாது, உடனே எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்ததாம். நான் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த நாட்டில் நான் எதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்?

இருபது நிமிடத்தில் வந்து இறங்கிய வீலாண்ட் வயலைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இவர்களை யார் கூப்பிட்டது?"

"நான்."

"உன் குரலுக்குக்கூட அவன் இப்போது வரமாட்டான். பயத்தில் பெயரெல்லாம் மறந்துவிடும், சத்தம் மட்டும்தான் கேட்கும். இவர்கள் இன்னொரு முறை கத்தினால் அவன் தண்டவாளத்தில்தான் ஏறுவான். போகச் சொல். இப்போதே."

போகச் சொல்வதாம். உதவிக்கு என்று ஓடி வந்த சனத்தைப் போகச் சொல்வது எப்படி என்று எந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது? நாளைக்கு என் கதவை யாராவது உடைத்தால் இவர்கள்தான் வர வேண்டும். நான் விழுந்து கிடந்தால் இவர்கள்தான் தூக்க வேண்டும். ரயிலுக்குப் பயந்த அதே அளவுக்கு இதற்கும் பயந்தேன். ஆனாலும் போனேன்.

"அண்ணை, எல்லாரையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

"என்ன பிள்ளை சொல்லுறாய்? அந்தா பத்தைக்குள்ளதானே நிக்கிறான். இன்னும் கொஞ்சம் வளைச்சமெண்டால் பிடிக்கலாம்."

"வளைக்க வேண்டாம். நீங்கள் கத்திறதுக்குத்தான் அவன் வெருண்டு ஓடுறான். ரயிலில அடிபட்டுச் சாகப்போறான். தயவுசெய்து போங்கோ."

அண்ணையின் சப்பாத்து முழுக்கச் சேறு. "உன்ர வீட்டில கள்ளன் பூந்த நேரம் ஆர் வந்தது, நிரஞ்சனா?"

"நீங்கள்தான், அண்ணை."

"இப்ப நாங்கள் வேண்டாமோ?"

"ஓம். இப்ப வேண்டாம்."

அன்னப்பிள்ளை அக்கா தகரத்தை மூடினார். "நாயொண்டுக்காக எங்களைக் கலைக்கிறாள், பாருங்கோவன்" என்று யாருக்கோ சொன்னார், எனக்குக் கேட்கட்டும் என்றுதான். ஒவ்வொருவராக என்னைப் பார்க்காமல் கார்ப் பக்கம் நடந்தார்கள். வீலாண்ட் அண்ணைக்குப் பின்னால் ஓடிப்போய் ஏதோ சொல்வதும், ரயில் பாதைப் பக்கம் கை காட்டுவதும் தெரிந்தது. அண்ணை கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். இன்னும் ஏச்சு விழுகிறதாக்கும் என்று நினைத்தேன். வெட்கத்தில் அந்தப் பக்கம் பிறகு பார்க்கவில்லை.

திரும்பி வந்த வீலாண்ட் என்னிடம் ஒரு வாரைத் தந்தார். "வயலின் நடுவுக்குப் போ. ரயில் கரைக்கு முதுகைக் காட்டிக் குப்புறப் படு. கூப்பிடாதே, திரும்பாதே, எழும்பாதே. வந்தாலும் உடனே பிடிக்காதே. ஒரு முறை தவறினால் இரண்டாம் முறை கிடையாது. நான் காரைக் கொண்டுபோய் அந்தப் பக்கத்துப் பாதையை அடைக்கிறேன்."

"எவ்வளவு நேரம் படுக்க வேண்டும்?"

"அவன் வரும்வரை."

ஐம்பத்திரண்டு வயதில், பீட்ரூட் பிடுங்கிய ஈர வயலில், குப்புறப் படுத்தேன். குளிர் முதலில் வயிற்றில் ஏறியது, பிறகு முழங்காலில், பிறகு எங்கேயென்று தெரியவில்லை. பின்னால் ரயில்கள் போயின. ஒவ்வொன்றும் தூரத்தில் கேட்கத் தொடங்கும்போதே விரல்களை மண்ணுக்குள் அழுத்திக்கொள்வேன். சத்தம் தேய்ந்த பிறகு நாய் கத்துகிறதா என்று காதைக் கொடுத்துக் கிடப்பேன். ஒன்றும் கேட்காது. ஒன்றும் கேட்காதது அதைவிடப் பயம். ஒரு ரயில் நீளமாக ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. முடிந்தது என்று நினைத்தேன். மண்ணை வாயால் கவ்விக்கொண்டு கிடந்தேன், எழும்பவில்லை. மாதாவே, முருகா, யாராவது, என்று மனதுக்குள் எல்லாரையும் கூப்பிட்டேன். அவனை மட்டும் கூப்பிடவில்லை.

மூன்று மணித்தியாலம் போயிருக்கும். காலடி கேட்டது. நாலு அடி, ஒரு நிறுத்தம். மூன்று அடி, ஒரு நிறுத்தம். என் காலருகே மூச்சு. பிறகு இடுப்பருகே. பிறகு என் தலைமயிருக்குள் ஈர மூக்கு. என் இதயம் அடிக்கிற சத்தத்துக்கே ஓடிவிடுவானோ என்று பயந்தேன். அவன் ஒரு சுற்றுச் சுற்றி, என் விலாவோடு ஒட்டி விழுந்து படுத்தான். உடம்பு முழுக்க நடுக்கம். நான் இன்னும் அசையவில்லை. நூறு வரை எண்ணினேன், எண்பதில் பிழைவிட்டு, மறுபடி எண்ணினேன். பிறகு கையை மண்ணோடு மண்ணாக நகர்த்தி, கழுத்துப் பட்டிக்குள் விரல்களை விட்டு மடக்கினேன்.

அவன் வீரிட்டான். ஏழு வாரத்தில் நான் கேட்ட முதல் சத்தம் அதுதான். துள்ளினான், என் தோள்மூட்டு கழன்றுவிடும் போல இழுத்தான். நான் விடவில்லை. அவன் மேல் பாதி உடம்பைப் போட்டுப் படுத்து வாரை மாட்டி, இரண்டு சுற்று என் மணிக்கட்டில் சுற்றினேன். கொஞ்ச நேரத்தில் அவன் அடங்கினான். அப்போதுதான் எழும்பி உட்கார்ந்து, ரயில் கரையைப் பார்த்தேன்.

அவர்கள் போகவில்லை. நாய் புகுந்துவிடக்கூடிய தண்டவாளத்துக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிற வயற்பாதையில், பதினைந்து மீற்றருக்கு ஒருவராக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நின்றார்கள். அந்த ரயில் எதற்கு ஹோர்ன் அடித்தது என்று இப்போது விளங்கியது. வேகரயிலுக்கும் என் நாய்க்கும் இடையில் நாற்பது பேர், மூன்று மணித்தியாலமாக. சாவீட்டில்கூட ஐந்து நிமிடம் வாய் மூடாத சனம், ஒரு சத்தம் இல்லை. அன்னப்பிள்ளை அக்கா சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு மூன்றாவது ஆளாக நின்றார். நாயை உற்றுப் பார்க்கக் கூடாது என்று வீலாண்ட் சொல்லியிருக்க வேண்டும், எல்லோரும் வயலுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அதனால் அவன் கிடைத்துவிட்டதே அவர்களுக்குத் தெரியாது.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தக் கூடாது. சேற்றுக் கையால் ஃபோனை எடுத்து, அண்ணைக்கு, "கிடைச்சிட்டான்" என்று எழுதி அனுப்பினேன்.

நடுவில் நின்ற அண்ணை பையைத் தடவுவது தெரிந்தது. கண்ணாடி இல்லாததால் ஃபோனைத் தூரப் பிடித்து வாசித்தார். இரண்டு பக்கமும் நின்றவர்களுக்குக் கையால் ஏதோ காட்டினார். அப்போதும் திரும்பவில்லை. குனிந்து, ஒரு விரலால் வெகு நேரம் தட்டினார். என் ஃபோன் ஒளிர்ந்தது.

"பிள்ளை, இனித் திரும்பலாமோ?"

காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. நாய் வெருண்டுவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிறகு, "ஓம் அண்ணை, மெல்லமாய்த் திரும்புங்கோ" என்று எழுதினேன்.