முதல் ரேங்க் வாங்கிய கட்டைகள்

கணினி அறையின் முப்பது திரைகளிலிருந்தும் வண்ணக் கட்டைகள் தரையில் கொட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாவது பீரியட் முடியப் பத்து நிமிடம் இருக்கையில். ஒவ்வொன்றும் செங்கல் கனம். யாருக்கும் அடிபடவில்லை, ஒரு சாப்பாட்டு டப்பா மட்டும் நசுங்கியது.

கணினி டீச்சருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, கோபம்தான். முதல் பீரியடில்தான் மேலிடத்து உத்தரவுப்படி, கட்டளை எழுதிய கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் மென்பொருளைத் தன் கையாலேயே அழித்திருந்தாள். அழித்தால் உள்ளே இருந்ததெல்லாம் எங்கே போகும்? எழுத்துப்பிழைக்குப் பயந்து விசைப்பலகையைத் தொடாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், அந்தக் கட்டைகளை மவுஸால் இழுத்துப் பொருத்தித்தான் நிரல் எழுதப் பழகியிருந்தார்கள். வாயே திறக்காத ஒரு பெண், திரையில் வாலாட்டும் முதலை செய்துவிட்டு வகுப்பையே கூப்பிட்டுக் காட்டினாள். அந்த வாய் இனித் திரும்ப மூடிக்கொள்ளும் என்பதுதான் டீச்சரின் கோபம்.

எல்லாம் ஒரு படிவத்தால் வந்த வினை. கட்டைகளை வைத்துச் சொல்லிக்கொடுப்பது பற்றி ஆசிரியர்களின் கருத்தை அளக்க வந்த படிவம் அது. இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண். ஒன்று என்றால் 'சுத்தமாக உடன்பாடில்லை' என்பது பின்பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்தில் இருந்தது. ஆயுசு பூராவும் ரேங்க் போட்ட கைகள் பின்பக்கம் திருப்புமா? பிடித்ததற்கெல்லாம் முதல் ரேங்க் கொடுத்தார்கள். டீச்சரும் இருபது கேள்விக்கும் ஒன்று போட்டாள். நானூறு ஆசிரியர்களும் கட்டைகளை அடியோடு வெறுக்கிறார்கள் என்று முடிவு வெளியானது. உத்தரவு வந்த அன்றே அவள் அளவீட்டு அதிகாரியின் மேஜைக்கு முன்னால் போய் நின்று கத்தினாள்.

"எங்களுக்கு ஒண்ணுன்னா ஃபர்ஸ்ட் சார்! ஒரு வார்த்தை நேர்ல கேட்டிருக்கக் கூடாதா?"

"கேக்கத்தானே டீச்சர் படிவம் அனுப்பினோம்? சராசரி பொய் சொல்லாது" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே.

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் மூன்று கட்டைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மறுபடி அங்கே போனாள். உள்ளே வைத்ததை ஓயாமல் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும், வாய் பிளந்த 'என்றென்றும்' கட்டையை அவர் நாற்காலியைச் சுற்றி மாட்டினாள். அதற்குள் '... கேள்' கட்டையைச் செருகி, காலியிடத்தில் சாக்பீஸால் 'ஆசிரியரை' என்று எழுதினாள். அதன் கீழே, அதே வாய்க்குள், 'சொன்னதை எழுது'. மூன்றும் டக்கென்று பொருந்தின. அதிகாரி நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஒன்பது வருடமாகிறது. பள்ளி பள்ளியாகப் போய்க் கேட்கிறார், எழுதுகிறார். மூன்று தலைமையாசிரியர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், அவருக்கு ஓய்வு வரவில்லை. மென்பொருளும் திரும்பி வரவில்லை. பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் கையாலேயே கட்டைகளை அடுக்குகிறார்கள். அவர்கள் அடுக்கிய முதலை வாலாட்டிக்கொண்டு மதிலோரம் போகும்போது தோட்டக்காரர் ஒதுங்கி வழிவிடுவார். செவ்வாய்க்கிழமைகளில் அதிகாரி வருவார். டீச்சர் அதே கோபத்தோடு, ஒரு சொல் குறையாமல், முதலிலிருந்து சொல்வாள்.

போன வாரம் அவர் மெதுவாகக் கேட்டார், "இது எப்ப டீச்சர் நிக்கும்?"

ஏழாம் வகுப்பு இரண்டாம் பாடத்தில் இருப்பதைத்தான் அவள் சொன்னாள். 'என்றென்றும்' கட்டைக்கு அடிப்பக்கம் மொழுமொழுவென்று இருக்கும், அதன் கீழே வேறெதையும் பொருத்த முடியாது.

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.