முதல் பேஸ் பக்கம், மூன்றாம் வரிசை

வசந்தாமணி பெட்டிக்குள் கையை விட்டு, கணவரின் வேட்டிக்கரையை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தாள். ஃபியூனரல் ஹோமில் வேட்டியைக் குளியல் துண்டு மாதிரி சுற்றிவிட்டிருந்தார்கள். உயிரோடு இருந்திருந்தால் செல்வராஜ் குதித்திருப்பார்.

அப்போதுதான் அந்த வெள்ளைக்காரக் கிழவர் எதையோ தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். குடும்ப நண்பர் மணியண்ணன் மறுபக்கம் பிடித்தபடி மூச்சு வாங்கினார். பூ ஸ்டாண்டு என்று நினைத்து உதவப் போயிருக்கிறார். இறக்கி வைத்தது பச்சை பெயின்ட் உரிந்த இரண்டு மர நாற்காலிகள். ஒன்றோடொன்று சேர்ந்தவை, கீழே பலகை அடித்து நிற்க வைத்திருந்தது.

பெயர் ஃபிராங்க் என்றார். இடித்துவிட்டு அபார்ட்மென்ட் கட்டினார்களே, அந்தப் பழைய பேஸ்பால் மைதானத்தில் டிக்கெட் பார்த்து சீட் காட்டுகிற வேலையில் இருந்தவராம். செல்வராஜ் பதினோரு வருஷம், ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை, ஒரு சனிக்கிழமை தவறியதில்லையாம். முதல் பேஸ் பக்கம், மூன்றாம் வரிசை, இதே நாற்காலிகள். தகரக் கூரையில் மழை அடித்து ஆட்டம் நின்றாலும் கிளம்ப மாட்டாராம். பெரிய டீமுக்குப் போன பையன்களைவிட, போக முடியாமல் அங்கேயே தேய்ந்தவர்களின் பெயர்தான் அவருக்கு மனப்பாடமாம். பின்னால் போகிற ரயில் ஹாரன் அடித்தால் எழுந்து கை தட்டுவாராம்.

கை தட்டுவாரா? வீட்டில் அந்த மனுஷன் வாய்விட்டுச் சிரித்தே அவள் பார்த்ததில்லை.

சனிக்கிழமை என்றால் ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் என்பார். பாவம், லீவிலும் உழைக்கிறாரே என்று அவளும் விடிகாலையில் எழுந்து எலுமிச்சை சாதம் கிளறிக் கட்டிக்கொடுத்தாள். டிவியில் ஆட்டம் ஓடியபோது ஒருமுறை, "என்னையும் ஒருநாள் கூட்டிட்டுப் போங்களேன்" என்று கேட்டாள். "உனக்கு அதெல்லாம் புரியாது" என்று சொல்லிவிட்டு சவுண்டைக் கூட்டினார்.

"நீங்கள்தானே அவர் தங்கை?" என்று ஃபிராங்க் ஆங்கிலத்தில் கேட்டார். தங்கை கொடுத்தனுப்பும் லெமன் ரைஸில் எப்போதும் தனக்குப் பாதி உண்டு என்றார். ஒரே ஒருமுறை, மனைவி வருவதில்லையா என்று விசாரித்தாராம். இறந்துவிட்டாள் என்று பதில் வந்ததாம். அதன் பிறகு அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

இரண்டாவது நாற்காலியின் முதுகில் ஒரு பித்தளைத் தகடு. மைதானத்தை மூடுவதற்கு முந்தைய வருஷம், வழக்கமாக வருகிறவர்கள் பெயர் பொறித்துக்கொள்ளலாம் என்றார்களாம். வசந்தாமணி குனிந்து ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தாள். 'அன்பு மனைவி வசந்தாவின் நினைவாக.' கீழே வருஷம். அந்த வருஷம் ஜனவரியில்தான் அவருக்கு பைபாஸ். ஆறு வாரம் அவள்தான் குளிப்பாட்டி, தலை துவட்டி, நகம் வெட்டிவிட்டாள்.

"அம்மா, நான் அவர்கிட்ட எக்ஸ்ப்ளெய்ன் பண்றேன். இட்ஸ் இன்சேன்," என்றாள் மகள் வான்மதி.

"நீ சும்மா இரு." ஃபிராங்கிடம் திரும்பி, "எஸ். சிஸ்டர்," என்றாள்.

மணியண்ணன் அரிசித் தட்டோடு வந்தார். "பதினொன்னரைக்குத் தகன ஸ்லாட்டு. வசந்தாமணி, நீதாம்மா மொதல்ல வாய்க்கரிசி போடோணும்."

அவள் ஒரு கை அள்ளினாள். பெட்டிப் பக்கம் போகவில்லை. தகடு வைத்த நாற்காலியின் மடிந்திருந்த இருக்கைப் பலகையைக் கீழே தள்ளி உட்கார்ந்தாள்.

"ஏம்மா?"

"செத்தவ எப்படிங்கண்ணா வாய்க்கரிசி போடறது?"

மணியண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. வான்மதி வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபிராங்க் பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, இந்த அரிசி எதற்கு என்று கேட்டார்.

அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று வசந்தாமணி யோசித்தாள்.

"ஹிஸ் லஞ்ச்," என்றாள். அவர் கையை இழுத்து விரித்து, இருந்ததை எல்லாம் அதில் கொட்டினாள்.

ஃபிராங்க் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு எழுந்து பெட்டியை நோக்கிப் போனார். அவர் உட்கார்ந்திருந்த பலகை பட்டென்று மேலே மடிந்தது. வசந்தாமணி தகட்டின்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.