கூடம் கோணல்தான்

வக்கீல் என்பது நாயின் பெயர். வாசலில் யார் வந்து நின்றாலும் அதற்கு ஓர் ஆட்சேபணை இருக்கும். பதின்மூன்று வயதில் சிறுநீரகம் பாதி போயிற்று, இதயமும் பலவீனம், போதாததற்குப் பின்னங்கால் இரண்டிலும் மூட்டுத் தேய்மானம். எழுந்தால் விழும், விழுந்த இடத்திலேயே நனைத்துவிடும். துடைத்துத் துடைத்து அலுத்துப்போன அக்கா, சனிக்கிழமை ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று மருத்துவரிடம் நாள் குறித்துவிட்டாள்.

அவளுடைய தம்பி டைல்ஸ் மேஸ்திரி. அவருக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமையே நாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவர் அம்மாவிடம் ஓடினார். வலி மாத்திரை கேட்டார். வழக்கமான மாத்திரை மிச்சமிருக்கிற சிறுநீரகத்தையும் தின்றுவிடும் என்று அந்த அம்மா கையை விரித்தார். வேறொரு மருந்து கொஞ்சமாகத் தரலாம், வெந்நீர் ஒத்தடம், தினம் சிறு நடை, அவ்வளவுதான் என்றார். பிறகு எடை பார்க்க நடத்தி வரச் சொன்னார். ரப்பர் விரிப்பின் மேல் வக்கீல் நொண்டி நொண்டிப் போனது. ஆனால் ஒரு தடவைகூட விழவில்லை.

"வீட்டுல தரை எப்படி?" என்று கேட்டார் மருத்துவர்.

"முகம் பாத்துத் தலை வாரலாம்மா" என்றவர், சொன்ன வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

அந்தக் கூடம் அவர் தன் கையால் கல் பதித்து, மாதக்கணக்கில் பாலீஷ் போட்ட கூடம். வேலை கேட்டு வருகிறவர்களை அங்கேதான் கூட்டிவந்து காட்டுவார். பார்த்தவர்கள் மறுபேச்சில்லாமல் முன்பணம் கொடுத்தார்கள். அடுத்தவர் வீட்டில் வயசானவர்கள் இருந்தால் சொரசொரப்பான கல் போடுங்கள் என்று புத்தி சொல்லும் மனிதர்தான். ஊருக்குத்தான் உபதேசம். தன் வீட்டுக் கிழவன் வழுக்கி வழுக்கி விழுந்ததற்கு வயதின்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தார். நினைக்க நினைக்க அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

குற்றம் தரையில்தான் என்று வீட்டில் சொன்னபோது அக்கா சிரித்தாள்.

"நாய்க்குக் காலு போச்சுடா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

"கூடம் கோணல்தான்க்கா. போட்டவன் நான்."

வியாழக்கிழமை பாய் விரித்துப் பார்த்தார். பாயும் நாயும் சேர்ந்தே வழுக்கின. வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாமல் தேய்ப்பு மெஷினில் முரட்டுக் கல்லை மாட்டினார். மூலையில் தொடங்கி வாசல்வரைக்கும் தன் மினுக்கைத் தானே சுரண்டி எடுத்தார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பைத்தியம் முற்றிவிட்டது, இனி எவன் உனக்கு வேலை கொடுப்பான் என்று அக்கா கத்தினாள். மெஷினை நிறுத்தாமலே, வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று பதிலுக்குக் கத்தினார். சாயங்காலம் புழுதியைக் கழுவிவிட்டுப் பார்த்தால் தரை சாம்பல் பூசியதுபோல் கிடந்தது. அவர் வருத்தப்படவில்லை.

சனிக்கிழமை காலை அக்கா செருப்பு மாட்டிக்கொண்டு, கையில் சங்கிலியோடு தயாராக நின்றாள். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வாசலில் வந்து நின்றார். வக்கீலுக்குப் பொறுக்குமா? சுவரோரம் எழுந்தது. ஆடியது. நின்றது. கூடம் முழுவதையும் நொண்டியே கடந்து, படியருகே நின்று தன் ஆட்சேபணையைத் தெரிவித்தது. பிறகு ஒற்றைப் படி இறங்கி, மண்ணில் நனைத்துவிட்டுத் திரும்பி வந்தது.

அக்கா கூடத்தைப் பார்த்தாள். துடைக்க ஒன்றுமில்லை.

"இன்னும் நொண்டுதேடா" என்றாள். குரலில் பழைய வேகம் இல்லை.

"நொண்டட்டும். அது வராதுன்னு அந்த அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லு. நாள் குறிச்சவ நீதானே."