கழற்ற மறந்த கிளாம்ப்

ஒரே ஷெட்டில் தோளோடு தோள் உரச வேலை பார்த்துக்கொண்டு, மாதக்கணக்காக ஒரு வார்த்தை பேசாமல் இருக்க முடியுமா? மெக்கானிக்கும் அவன் தங்கை புருஷனும் இருந்தார்களே! வண்டிக்காரர் ஒருவர் முன்னால், "மாப்பிள்ளைக்கு வண்டி தொடைக்கத்தான் தெரியும்" என்று மெக்கானிக் வாயை விட்டுவிட்டான். அன்றிலிருந்து இருவருக்கும் சுவர்தான் தூது.

"யாரோ ஸ்பானரை எடுத்தாங்க, திருப்பி வச்சா தேவலை" என்பான் இவன், சுவரைப் பார்த்து.

"யாருக்கோ கண்ணு தெரியல, காலடியிலதான் கிடக்கு" என்று சுவருக்கே பதில் போகும்.

அன்றைக்கு ஒரு காரின் என்ஜினை வெளியே தூக்க வேண்டியிருந்தது. அப்படித் தூக்கும்போது ஏசி குழாயைத் திறக்க மாட்டார்கள்; உள்ளே கேஸ் அழுத்தத்தோடு நிற்கும். கம்ப்ரசரை மட்டும் கழற்றி, குழாயோடு சேர்த்தே ஓரமாக நகர்த்திக் கம்பியால் கட்டிவிடுவார்கள். மெக்கானிக்தான் கட்டினான். ஆனால் குழாயை என்ஜினின் பின்பக்கத்தோடு பிடித்திருந்த கிளாம்ப்பைக் கழற்ற மறந்துபோனான்.

மாப்பிள்ளை கப்பிச் சங்கிலியை இழுக்க, என்ஜின் எழும்பியது. குழாய் விறைப்பதைப் பார்த்ததும்தான் இவனுக்குக் கிளாம்ப் ஞாபகம் வந்தது. "நிறுத்து" என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. பாழாய்ப்போன ரோஷம்! நாமா முதலில் பேசுவது? வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பினான்.

"யாரோ கொஞ்சம் நிறுத்தினா..."

முதுகுக்குப் பின்னால் குழாய் பிய்த்துக்கொண்டு சீறியது. எங்கே இடிக்கிறது என்று குனிந்து பார்த்த மாப்பிள்ளையின் முகத்தில் கேஸ் நேராக அடித்தது.

"ஐயோ, கண்ணு!"

வலது கண்ணில் இனிப் பார்வை வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை இவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பக்கத்துலதானே நின்ன? ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா அண்ணே?"

சுவரிடம் சொன்னேன் என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வான்? உள்ளே போய், மாப்பிள்ளையின் கையைப் பிடித்தான்.

"மாப்பிள, தப்பெல்லாம் என்னோடதுதான். திட்டு, அடி, என்ன வேணா செய். ஒரு வார்த்தை பேசு மாப்பிள."

மாப்பிள்ளை கையை உருவிக்கொண்டான். கட்டுப்போட்ட முகத்தை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பினான்.

"யாரோ வந்திருக்காங்க. போயிட்டா தேவலை."