‘சரி’ என்று சொல்லும்வரை

யார் முதலில் பேசியது என்பதில் எனக்கு இன்றும் தெளிவில்லை. அப்பாதான் என்கிறாள் அம்மா. அக்கா என்றுதான் எனக்கு ஞாபகம். ஆனால் என் ஞாபகம் தனக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை நழுவவிடும் ரகம், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் எல்லோரும் மாதக் கடைசிக்குள் இணையத்தில் கணக்குத் தொடங்க வேண்டும், தவறினால் பணம் நின்றுவிடும் என்று அரசு அறிவித்திருந்தது. இன்று நாளை என்று இழுத்தடித்தவர், கடைசி நாள் மதியம்தான் சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வீட்டில் அந்தப் பணத்தைத் தவிர வேறு வருமானம் இல்லை.

பெயர், பிறந்த தேதி எல்லாம் ஏற்றுக்கொண்டது. பிறகு, உங்கள் கைபேசிக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம் என்றது திரை. அப்பாவின் போன் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. பதிவாகியிருந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைத் திரையில் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

“அக்கா நம்பர்ப்பா.”

அவர் ஓய்வு பெற்றபோது படிவங்களையெல்லாம் எழுதிக் கொடுத்தது அக்காதான். அவருக்குப் பார்வை மங்குகிறது என்று நிறுவன மருத்துவரிடம் போய்ச் சொல்லி, கிரேனைவிட்டு அவரை இறக்க வைத்ததும் அவள்தான் என்பது பிறகு தெரிந்தது. அன்றோடு பேச்சு நின்றது. ‘என்னைக் கீழே இறக்கினவ’ என்பார். மகள் என்று சொல்லமாட்டார்.

நான் அவளை அழைத்தேன்.

“வந்திருக்கு. அவரையே கேக்கச் சொல்லு,” என்றாள்.

“அக்கா, விளையாடாத.”

“மூணு வருஷமா நீதானே நடுவுல ஓடுற. அவர் பணம். அவர் கேக்கட்டும்.”

போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசை நடுவில் வைத்தேன். அப்பா ஜன்னலைப் பார்த்தார். திரையில் நொடிகள் குறைந்துகொண்டே வந்தன.

“ஒரு கப்பலையே காலி பண்ணின மனுஷன். ஒரு வார்த்தையத் தூக்க முடியல,” என்றாள் அம்மா.

எண் காலாவதியானது. இன்னொரு முறை தவறினால் பதிவு முடக்கப்படும் என்றது திரை. மறுபடி அனுப்பச் சொல்லி அழுத்தினேன்.

“சொல்லு,” என்றார் அப்பா. அதற்கு முன்பே அவள் “அப்பா” என்றாளா, தெரியவில்லை.

“நாலு.”

“நாலு.”

“பூஜ்யம்.”

“பூஜ்யம்.”

கிரேன் ஓட்டுகிறவர்களின் பழக்கம் அது. கீழே இருப்பவர் வயர்லெஸ்ஸில் சொல்வதை மேலே இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். கீழிருந்து ‘சரி’ வராமல் நெம்புகோலைத் தொடக்கூடாது. ஆறு இலக்கமும் முடிந்தன. நான் அழுத்தப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இரு. சரி வரல.”

“அப்பா, நேரம் போகுது!”

“வரல.”

அவர் பிடி இறுகியது.

“சொல்லித் தொலையேன்டி பெரியவளே!” என்று அம்மா கத்தினாள்.

“தப்புப்பா,” என்றது அக்காவின் குரல். “நான்தான் தப்பாப் படிச்சேன். நாலாவது மூணு இல்ல, எட்டு.”

“நாலாவது எட்டு.”

“சரி.”

கையை விட்டார். திருத்தி அழுத்தினேன். திரை வெள்ளையாகச் சுழன்று, கணக்கு தொடங்கப்பட்டது என்றது.

அக்கா மெதுவாக, “கண்ணு சரியாத் தெரியலப்பா,” என்றாள். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார். “கண்ணு தெரியலன்னா கீழே இறக்கிடுவாங்க. ஜாக்கிரதை.”

முதலில் சிரித்தது அம்மா. அது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஓய்வூதியம் ஒரு மாதமும் தவறவில்லை. கணக்கில் இருக்கும் கைபேசி எண்ணை மாற்றிவிடலாம் என்று நான் சொன்னபோது அப்பா காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு முறையும் அக்காவிடம் எண்ணைக் கேட்டே கணக்குக்குள் போனார். அடுத்த வருடம் அவருக்கு ஒரு கண்ணில் பார்வை முழுவதும் போனது. அதற்கு அடுத்த வருடம் இறந்தார். அம்மா இப்போது அக்கா வீட்டில் இருக்கிறாள். நான் வேறு ஊரில் வேலையில் இருக்கிறேன்.