தகர வேலிக்குக் கீழே இரண்டு வயர்கள்

1.

இந்தக் கதை முழுவதும் என்னுடையதல்ல. மானிப்பாயில் என் வீட்டுக் கூடத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, ஒரு வெள்ளைப் பெட்டியின் விளக்கு நிறம் மாறும்வரை காத்திருந்த ஜெரோசன் ஒரு பேச்சுக்குச் சொன்ன ஒரேயொரு வசனத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். என் கைமுதல் அவ்வளவுதான்.

ஜெரோசன் குருநகர்க்காரர். வீடுகளுக்கு இன்ரநெற் பூட்டிக் கொடுப்பது தொழில். என் வீட்டுச் சுவர்கள் நல்ல தடிப்பு. முன் அறையில் புறப்படும் வைஃபை குசினிக்கு வந்து சேர்வதற்குள் களைத்துவிடும். அதற்குத்தான் மெஷ் என்ற ஏற்பாடு. வீட்டில் அங்கங்கே ஒரு பெட்டி. ஒரு பெட்டி வாங்கி அடுத்த பெட்டிக்குக் கொடுக்கும். காற்று வழியாகக் கொடுக்க முடியாத இடத்தில் வயர் போட்டுக் கொடுக்கலாம். எனக்கும் கடைசிப் பெட்டிக்கு வயர்தான் போட்டார். அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்றில் வயர், மற்றது சும்மா. அந்தச் சும்மா ஓட்டையில் எதைச் செருகலாம் என்று கேட்டேன்.

"ஒண்டும் செருகாதேங்கோ அண்ணை," என்றார். "கோப்பாயிலை ரெண்டு வீட்டுக்கு நடுவிலை ஆரோ ரெண்டாவது வயர் ஒண்டு போட்டு, ரெண்டு வீட்டு இன்ரநெற்றும் படுத்திட்டுது."

யார் போட்டது என்று கேட்டேன். அவர் விசாரிக்கவில்லையாம். ஏன் போட்டார்கள்? அதுவும் தெரியாதாம். ஒரு வயரைக் கழற்றினார், வேலை செய்தது, தேத்தண்ணி குடித்தார், வந்துவிட்டார். இப்படி ஒரு மனிதருக்கு எப்படி நித்திரை வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு அன்றிலிருந்து வேறு வேலை ஓடவில்லை.

2.

முதல் தொடக்கம்: "கோப்பாயில் அன்று மழை—"

வேண்டாம். மழைக்கும் வயருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு வசனம் வராதபோது மழையைக் கூப்பிடுகிற கெட்ட பழக்கம் இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "பொன்னம்பலம் வயர்ச் சுருளைக் கையில் எடுத்து—"

இதில் இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. வயர் என்றதும் யோசிக்காமல் ஓர் ஆணின் கையில் கொடுத்திருக்கிறேன். ஆனால் பொன்னம்பலத்தை எனக்குத் தெரியும் (நான்தானே உண்டாக்கினேன்). வெங்காயத் தோட்டத்தைத் தவிர உலகத்தில் வேறொன்றும் அவர் கண்ணில் படாது. குசினியில் மின்விளக்கு எரியாவிட்டால் விளக்கை மாற்றமாட்டார்; குசினிக்குப் போவதை விட்டுவிடுவார். அவரைத் தோட்டத்துக்கே அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: "வந்த சட்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்பிக் குணலட்சுமிக்குப் பழக்கமில்லை."

இது நிற்கிறது. இதிலேயே போகலாம்.

3.

வந்த சட்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்பிக் குணலட்சுமிக்குப் பழக்கமில்லை. அயலிலிருந்து ஒரு சட்டி கறி வந்தால், கழுவித் துடைத்து, அதற்குள் இரண்டு முருங்கைக்காயோ ஒரு பிடி பச்சைமிளகாயோ போட்டுத்தான் அனுப்புவாள். ஒன்றும் இல்லாத நாளில் ஒரு கரண்டி சீனியாவது போடுவாள். வெறும் சட்டி அனுப்புவதும் 'இனி அனுப்பாதே' என்று சொல்வதும் ஒன்று என்பது அவளுடைய எண்ணம்.

ஆனால் பக்கத்து வீட்டுச் சட்டி வருவது நின்று சில வருஷங்களாகிவிட்டன. பக்கத்து வீடு, குணலட்சுமியின் புருஷன் பொன்னம்பலத்தின் தங்கை அருமைநாயகிக்குச் சீதனமாகக் கொடுத்தது. குணலட்சுமிக்கு அவள் மச்சாள். ஆடிக்கூழை இரண்டு பேரும் ஒரே பானையில் காய்ச்சிக் குடித்த காலம் ஒன்று இருந்தது. பிறகு ஒருமுறை வேலி அடைக்கும்போது கதியால் தடி ஒன்று ஒரு சாண் தள்ளி நடப்பட்டது—

(தெரியும். யாழ்ப்பாணத்துக் கதையில் வேலிச் சண்டை வந்தாலே நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். நானும் விடுவேன். கொஞ்சம் பொறுங்கள், இந்த வேலிக்கு இங்கே வேறொரு வேலை இருக்கிறது.)

—அண்ணனும் தங்கையும் வாய்த்தர்க்கப்பட்டார்கள். அருமைநாயகி இருந்த கதியால்களையும் பிடுங்கி எறிந்துவிட்டு, எல்லை நீளத்துக்கும் ஆளுயரத் தகரம் அடித்தாள். மச்சாள்மார் இருவருக்குள்ளும் ஒரு கெட்ட சொல் கிடையாது. ஒருத்தி தன் கோபத்தைக் காத்தாள், மற்றவள் புருஷன் பக்கம் நின்றாள். அப்படியே பேச்சும் நின்றுபோனது.

குணலட்சுமியின் மகள் தனுசியா நோர்வேயில் இருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. கோப்பாய் வீட்டுக்குள் போனில் படம் வராது. தகர வேலியோரத்து எலுமிச்சை மரத்தடியில் நின்றால் கொஞ்சம் வரும். அதனால் குணலட்சுமி பேரப்பிள்ளையை எலுமிச்சைக்குக் கீழே நின்றுதான் கொஞ்சினாள். தகரத்துக்கு மறுபக்கம் அருமைநாயகியின் குசினி யன்னல். பிள்ளைக்குப் பல் முளைத்ததையெல்லாம் அவளும் ஒரு சொல் விடாமல் கேட்டிருப்பாள். கேட்ட நேரங்களில் அந்தக் குசினியில் சட்டி பானைச் சத்தம் நின்றுவிடுவதைக் குணலட்சுமி கவனித்திருக்கிறாள்.

அருமைநாயகி புருஷனை இழந்தவள். ஒரே மகன் வாகீசன் கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறான். அவன் வாங்கிய மெஷ் மூன்று பெட்டிகளாகத்தான் வந்தது. அவர்கள் வீட்டுக்கு இரண்டு போதும். மிஞ்சியதை ஒரு நாள் வேலியைச் சுற்றி ஒழுங்கை வழியாகக் கொண்டுவந்து, மாமி, இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று குணலட்சுமியிடம் கொடுத்தான்.*

முதலில் அது வேலை செய்யவில்லை. தகரம் வைஃபையை விடவில்லை. (வேலியின் வேலை இதுதான்.) ஆகவே வாகீசன் தகரத்துக்குக் கீழே மண்ணைக் கிளறி, தன் குசினி யன்னலுக்குப் பக்கத்திலிருந்த பெட்டியிலிருந்து மாமி வீட்டுப் பெட்டிக்கு ஒரு வயரை இழுத்தான். எலி கடித்தால் மாற்றுவதற்கு இருக்கட்டும் என்று அதே நீளத்தில் இன்னொரு வயரைச் சுருளாகத் தந்துவிட்டுப் போனான். மகன் வேலியடியில் குப்புறக் கிடந்ததை அருமைநாயகி யன்னலில் நின்று பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லாததைத்தான் குணலட்சுமி இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

* பெட்டியைக் கொடுத்தது வாகீசனா, வாகீசன் கையால் அருமைநாயகியா? எனக்கும் சந்தேகம்தான். மூன்றாவது பெட்டி வாங்கிய அன்றே மிஞ்சியது; அவன் கொண்டுவந்தது பிள்ளைக்குப் பல் முளைத்த பிறகு.

4.

இப்போது பேரப்பிள்ளை கூடத்துக்குள்ளேயே தெளிவாகச் சிரித்தது. பக்கத்து வீட்டிலிருந்து இவ்வளவு பெரிய சட்டி வந்திருக்கிறது. திருப்பி எதை அனுப்புவது? கறி அனுப்பி அவள் வேண்டாம் என்று திருப்பிவிட்டால் அதோடு எல்லாம் முடிந்துபோகும். அப்போது அவள் கண்ணில் வயர்ச் சுருள் பட்டது.

(இந்த இடத்துக்கு இரண்டு காரணங்கள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, ஒரே வயரில் வருவதும் போவதும் எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. பிள்ளையின் சிரிப்பு இந்த வயரால் வருகிறது, சரி. தன் பேச்சு எதனால் போகிறது? போவதற்கும் ஒரு வழி வேண்டாமா? மற்றக் காரணம், சட்டி அவர்களுடையது, திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்றை வெட்டச் சொல்லி என் மனைவி சொன்னாள். மனிதர் ஒரு காரியத்தை ஒரே காரணத்துக்காகவா செய்கிறார்கள்? இரண்டும் இருக்கட்டும்.)

பொன்னம்பலம் தோட்டத்துக்குப் போன பிறகு, குணலட்சுமி சுருளின் ஒரு முனையைத் தன் பெட்டியின் சும்மா ஓட்டையில் செருகினாள். சும்மா கிடக்கிற வயர் வெறும் சட்டிதானே. மற்ற முனையைத் தகரத்துக்குக் கீழே தள்ளி, தகரத்துக்கு மேலால் ஒரு தடியை விட்டுத் தெண்டி, அந்தப் பக்கத்து யன்னல் விளிம்பில் கிடத்தினாள். பிறகு விறுவிறென்று வீட்டுக்குள் போய்விட்டாள். இந்த வயதில் இப்படி நெஞ்சு அடித்துக்கொள்வது அவளுக்கே சிரிப்பாக இருந்தது.

5.

இங்கே கதை முடிந்தது என்று பேனையை மூடினேன். பிறகு ஒரு சந்தேகம். ஜெரோசனுக்குப் போன் எடுத்து, ஒரு முனை மட்டும் செருகியிருந்தால் வலை படுக்குமா என்று கேட்டேன்.

"ஒரு முனை தொங்கினா ஒண்டும் நடவாது அண்ணை. ரெண்டு முனையும் செருகினாத்தான் சுத்தத் தொடங்கும்."

குணலட்சுமி மற்ற வீட்டுக்குள் போகவில்லை. வாகீசன் விஷயம் தெரிந்தவன், அவன் செருகமாட்டான். அப்படியென்றால் மிஞ்சுவது ஓர் ஆள்தான். என் கதையில் எனக்குத் தெரியாமலே ஒரு காரியம் நடந்திருக்கிறது.

அருமைநாயகி யன்னல் விளிம்பில் கிடந்த முனையைக் கண்டிருக்கிறாள். கையில் எடுத்திருக்கிறாள். மண் ஒட்டியிருந்ததைச் சேலைத் தலைப்பால் துடைத்திருக்கிறாள் (துடைத்தாள் என்றுதான் நம்புகிறேன்). யன்னலடிப் பெட்டியில் ஒரு ஓட்டை சும்மா இருந்தது. முனையைத் திருப்பித் தள்ளியிருக்கலாம், அல்லது மகனைக் கேட்டிருக்கலாம். இரண்டும் செய்யாமல் செருகிவிட்டாள். அவள் மனதுக்குள் நான் போகப்போவதில்லை. குணலட்சுமியோடு நிற்பதென்றுதான் தொடங்கினேன், அவளுக்குத் தெரியாதது இங்கே எனக்கும் தெரியாது.

ஒரு வயர் இருந்தபோது ஒழுங்காக ஓடியது இரண்டு வயரில் படுத்தது ஏன் என்று ஜெரோசன் சொன்னதை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். இந்த வீட்டில் ஒரு பேச்சுப் புறப்படுகிறது. ஒரு வயரால் அந்த வீட்டுக்குப் போய், மற்ற வயரால் புதுச் செய்தி மாதிரி இங்கே திரும்பி வருகிறது. இவர்கள் அதைப் புதிதென்று நம்பி மறுபடி அனுப்புகிறார்கள். ஊரில் வதந்தி சுற்றுகிற மாதிரித்தான். சுற்றிச் சுற்றி வயர் நிறைந்துவிடும்; உண்மையான செய்தி ஒன்றுக்கும் இடம் இராது.

6.

நோர்வேப் பிள்ளை வாயைத் திறந்தபடி திரையில் உறைந்தது. பெட்டியின் விளக்கு சிவந்தது. அதே நேரம் தகரத்துக்கு அப்பால் வாகீசன் பதற்றத்தோடு யாருக்கோ போனில் சொல்வது கேட்டது: பதினொரு மணிக்குக் கூட்டம், அதில்தான் தன் வேலையை நிரந்தரமாக்குவதா என்று பார்க்கிறார்கள், வீட்டிலிருந்து சரிவராதென்றால் கொழும்புக்கு வா என்றுவிடுவார்கள், அம்மாவைத் தனிய விட்டுவிட்டு எப்படிப் போவது?*

* போனில் உள்ள இன்ரநெற்றால் கூட்டத்துக்குப் போக முடியாதா என்று கேட்பீர்கள். எலுமிச்சை மரத்தடியை மறந்துவிட்டீர்கள்; அங்கேயே கொஞ்சம்தான் வரும்.

வயரால்தான் வந்தது என்று குணலட்சுமிக்கு உடனே தெரிந்துவிட்டது. அவள் பயந்தது வலை படுத்ததற்கு அல்ல. அண்ணன் வீட்டார் வேண்டுமென்றே செய்தார்கள் என்று அருமைநாயகி நினைத்துவிட்டால்? கொடுத்ததைக் கெடுத்தாள் என்று ஆகிவிடும். மகனும் கொழும்புக்குப் போய்விட்டால் அந்த வீட்டோடு இனி எந்தக் காலத்திலும் ஒட்டமுடியாது. கழற்றிவிடுவோம் என்று பெட்டியடிக்கு ஓடினாள். இரண்டு வயரும் ஒரே சாம்பல் நிறம். தான் செருகியது எந்த ஓட்டை என்பது பதற்றத்தில் நினைவு வரவில்லை. மாறி வாகீசனின் வயரைக் கழற்றிவிட்டால் இன்னும் மோசமாகிவிடும் என்று கையை எடுத்துக்கொண்டாள். வேலியடிக்குப் போய் நின்றாள்.

"மச்சாள்," என்று தகரத்துக்கு அப்பாலிருந்து கேட்டது. "உங்கையும் இல்லையோ?"

எத்தனை வருஷத்துக்குப் பிறகு வந்த குரல். குணலட்சுமி தகரத்துக்கு இன்னும் கிட்டப் போனாள்.

"இல்லை மச்சாள். இஞ்சையும் இல்லை."

வாகீசன் கூப்பிட்ட ஜெரோசன் அந்த வீட்டுக்கு வந்தார். பெட்டியைப் பார்த்தார், யன்னலால் போன வயரைத் தொடர்ந்து வெளியே வந்து வேலியடியில் குந்தினார். ஒன்றுக்குப் பதிலாக இரண்டு வயர்கள் தகரத்துக்குக் கீழே போவதைக் கண்டார். உண்மையான ஜெரோசன் ஒன்றும் கேட்கவில்லை. என் ஜெரோசன் கேட்டார்.

"உது ஆர் போட்டது?"

7.

ஒரு முடிவு: யாரும் பேசவில்லை. ஜெரோசன் ஒன்றைக் கழற்றினார், வலை எழும்பியது, கூட்டம் நடந்தது. நடந்தது அநேகமாக இதுதான். எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு முடிவு: குணலட்சுமி "நான்தான்" என்கிறாள், அருமைநாயகியும் "நான்தான்" என்கிறாள், தகரம் கழற்றப்படுகி— எழுதும்போதே வெட்கமாக இருந்தது. தகரம் அவ்வளவு கெதியாகக் கழலாது.

மூன்றாவது, கதையின் வாலை அதன் தலையில் கொண்டுபோய்ச் செருகுவது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கதை தன்னையே சுற்றிக்கொண்டு நிற்கும், வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே வராது. அந்த ஓட்டையைச் சும்மா விடுகிறேன்.

எனக்குத் தெரிந்த, அந்த இரண்டு பெண்களுக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டில் எந்த வயரைக் கழற்றினாலும் வலை எழும்பும். வந்த வயரும் போன வயரும் இயந்திரத்துக்கு ஒன்றுதான். கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கிறது, வாகீசன் வாசலில் நின்று மணியைப் பார்க்கிறான். ஜெரோசன் எழுந்து, யன்னலால் கையை விட்டு, மேலே இருந்ததையோ கீழே இருந்ததையோ பிடித்தார்.

அப்போது அருமைநாயகி சொன்னதை நான் யோசித்து எழுதவில்லை, காதில் விழுந்ததை எழுதினேன்.

"கீழை கிடக்கிறது மச்சாள் தந்தது, தம்பி. அது கிடக்கட்டும். மற்றதைக் கழட்டு."

அவள் அதை மெல்லச் சொல்லவில்லை. தகரத்துக்கு இந்தப் பக்கம் கேட்கவேண்டும் என்றே சொன்னாள். இந்தப் பக்கத்தில் குணலட்சுமி நிற்கிறாள், பக்கத்தில் இப்போது நீங்களும் நிற்கிறீர்கள். அவள் பதில் சொல்ல வாயைத் திறக்கிறாள். நான் மானிப்பாயில் இருக்கிறேன், எனக்குக் கேட்காது. நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.